எட்டு விநாடியும் என் மீசையும்

கச்சிராயபாளையம்,
வெள்ளிக்கிழமை.

அன்பும் பண்பும் நிறைந்த மாப்பிள்ளை இளஞ்செழியன் அவர்களுக்கு, மாமனார் தங்கதுரை எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் கரும்பும் கோமுகி அணைத் தண்ணீரும் சௌக்கியம். சென்னையில் நீங்களும் மகள் தேவிப்ரியாவும் சௌக்கியமாக இருக்க ரிஷிவந்தியத்து அர்த்தநாரீஸ்வரரை வேண்டிக்கொள்கிறேன். என் மீசைதான் சௌக்கியமாக இல்லை.

தலை தீபாவளிக்கு வந்தபோது, உங்கள் கம்பெனி எழுதிய சாஃப்ட்வேர் ஓடுகிற டிஜிட்டல் டிவி பெட்டியை உங்கள் கையாலேயே மாட்டிவிட்டுப் போனீர்கள். படம் பளிங்கு மாதிரி. ஆனால் பக்கத்து வீட்டு வீரமுத்துவின் பழைய பெட்டியைவிட எட்டு விநாடி பிந்தி வருகிறது. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். நம் வீட்டில் பந்து வீசுகிறவன் ஓடி வரும்போதே அந்தப் பக்கம் "அவுட்டு!" என்று கூத்தாடுகிறார்கள். சீரியலில் யாராவது சாவதற்கு முன்பே வீரமுத்துவின் சம்சாரம் சாலம்மாள் ஒப்பாரி வைத்துவிடுகிறாள். உங்கள் அத்தை முந்தானையைக் கையில் பிடித்துக்கொண்டு, சாவு வந்து சேரட்டும் என்று காத்திருக்கிறாள். டீக்கடையில் வீரமுத்து, "இன்னா தங்கதுரை, என் வூட்டுல அவன் அவுட்டாயி போய்க்கினு இருக்கான், உன் மருமவன் பொட்டியில இன்னும் மட்டையத் தட்டிக்கினு நிக்கிறானே!" என்றான். பத்துப் பேர் சிரித்தார்கள். மருமகனைச் சொன்னால் பொறுக்குமா? "ஞாயித்துக்கெழம ஃபைனல் முடியறதுக்குள்ள நீயே இந்தப் பொட்டிய வாங்கலன்னா என் மீசைய எடுத்துடறேன்" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன்.

சாட்டிலைட் வானத்தில்தானே இருக்கிறது, கிட்டப் போனால் படம் சீக்கிரம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டு, பெட்டியையும் டிஷ்ஷையும் மூட்டை கட்டிக்கொண்டு பஸ்ஸில் கல்வராயன் மலைக்கு ஏறினேன். கண்டக்டர் டிஷ்ஷுக்குத் தனி லக்கேஜ் டிக்கெட் போட்டார். மலைமேல் இருக்கும் சிநேகிதர் தர்மன் வீட்டு டிவியில் மாட்டி, இங்கே உங்கள் அத்தையைச் சுவரோரம் நிறுத்தி போனில் கேட்டேன். "இங்க கத்தி முடிச்சிட்டாங்க, அங்க இன்னும் வரலியா?" என்றாள். அங்கேயும் அதே எட்டு விநாடி. "மல மேல வந்தா மழதாங்க சீக்கிரம் வரும்" என்று சொல்லி, தர்மன் சாமைச் சோறு போட்டு அனுப்பினார்.

ஆகவே மாப்பிள்ளை, நம் பெட்டியை எட்டு விநாடி வேகப்படுத்துங்கள். முடியாவிட்டால் வீரமுத்து பெட்டியையாவது பின்னுக்கு இழுங்கள். அதுவும் முடியாதென்றால் தேவிப்ரியாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். மீசையில்லாத என்னைப் பார்த்துக் குழந்தை பயந்துவிடப் போகிறாள்.

பதினாறு செல்வமும், பதினேழாவதாகக் கொஞ்சம் வேகமும் பெற்று வாழ ஆசீர்வதிக்கும்,
மாமனார் தங்கதுரை.

பி.கு.: தபாலில் போடுவதற்குள் ஃபைனலே வந்துவிட்டது. தியாகதுருகத்திலிருந்து என் தம்பி சிவசங்கர் கூட்டாளிகளோடு பார்க்க வந்திருந்தான். அவர்கள் போட்ட சத்தத்தில் அவர்களுக்கு வீரமுத்து வீட்டுக் கூத்து கேட்கவில்லை. சுவரோரம் உட்கார்ந்த எனக்குக் கேட்டது. "இது சிக்ஸர்" என்றேன். சிக்ஸர்! "இவன் அவுட்." அவுட்! ஐந்தாவது முறை சொன்னபோது ஒருவர் என் காலில் விழுந்துவிட்டார். சேதி கேட்டு, மேட்ச் முடிவதற்குள்ளேயே வீரமுத்து ஓடி வந்து, "உன் மருமவன் பொட்டி முன்கூட்டியே சொல்லுதாமே, நானும் புக் பண்ணிட்டேம்பா" என்றான். மீசை தப்பியது. ஆனால் அவன் வீட்டிலும் படம் பிந்தினால் எனக்கு யார் சொல்வது? அடுத்த மேட்சுக்குக் கள்ளக்குறிச்சியிலிருந்து வேன் வைத்து வருகிறார்கள். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். எப்பாடுபட்டாவது அவனுக்கு மட்டும் பெட்டி தராதீர்கள். மீசை போனால் முளைக்கும், மாப்பிள்ளை; வாக்குச் சித்தி போனால் முளைக்குமா?