மெழுகண்ணையின் ஜக்கெற்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் சித்திரை வெயிலுக்கும் கார்த்திகை மழைக்கும் உடுப்பு மாற்றாத உயிர்கள் இரண்டுதான். ஒன்று ஆமை. மற்றது எங்கள் கோப்பாய் மெழுகண்ணை.

அவருடைய சொந்தப் பெயர் அவரது அடையாள அட்டைக்கும் மனைவிக்கும் மட்டுமே தெரியும். தொழில் கலியாணத் தரகு. வாகனம், உதைத்தால் இருமி, இருமிய பின் புகைத்து, மனம் வந்தால் ஓடும் ஒரு பழைய மோட்டார் சைக்கிள். இடுப்புக்குக் கீழே வெள்ளை வேட்டி. மேலே ஒரு மோட்டார் சைக்கிள் ஜக்கெற். இங்கிலாந்தில் இருந்த மைத்துனர், கார் வாங்கிய அன்று கழற்றி அனுப்பிவைத்தது. தடித்த பருத்தித் துணிக்கு மெழுகு ஊட்டித் தைத்திருந்தார்கள். கறுப்பென்றும் சொல்ல முடியாத, பச்சையென்றும் சொல்ல முடியாத நிறம். பித்தளைப் பொத்தான்கள், இடுப்புப் பட்டி, நான்கு பைகள். இடது நெஞ்சுப் பை மட்டும் சரிவாக இருக்கும். ஓடிக்கொண்டே வரைபடத்தை உருவி எடுக்க வெள்ளைக்காரன் அப்படித் தைத்தானாம். மெழுகண்ணை அதற்குள் சாதகங்களை வைத்தார்.

மைத்துனரின் முதுகில் ஒரு வாழ்வும் இவர் முதுகில் ஒரு வாழ்வும் வாழ்ந்த பிறகும் அதில் ஒரு நூல் விட்டதில்லை. உரும்பிராயில் பெண் கேட்டுப் போன வீட்டு நாய் ஒன்று அவர் முழங்கையைக் கவ்வியது. ஜக்கெற்றில் கீறலும் இல்லை. நாய்தான் பிறகு கஞ்சி குடித்துத் திரிந்தது என்று அவரே சொல்வார்.

ஒரு சித்திரை மத்தியானம் நான் கேட்டேன்.

"வேர்க்கேல்லையோ அண்ணை?"

"வெளி வெக்கை உள்ளுக்கை வராது மாஸ்ரர்."

"உள் வெக்கை?"

"அது வெளியிலை போகாது. அதோடை நான் பழகியிட்டன்."

கோயிலுக்குள் ஆண்கள் மேலுடம்பில் ஒன்றும் போடக்கூடாது. எல்லோரும் சால்வையை இடுப்பில் கட்டிக்கொள்வார்கள். மெழுகண்ணை ஜக்கெற்றைக் கட்டிக்கொள்வார். அதன் இரண்டு கைகளும் தொப்புளுக்கு முன்னால் முடிச்சாகக் கிடக்க, பொத்தான்கள் கிலுங்க அவர் வீதி சுற்றினால் குழந்தைகள் சாமியை விட்டுவிட்டு அவரைப் பார்க்கும். ஐயர் ஒரு நாள் பொறுக்க முடியாமல் சொன்னார்.

"செருப்போடை அதையும் வெளியிலை வைச்சிட்டு வரலாமே?"

"செருப்புத் துலைஞ்சால் வேறை வாங்கலாம் ஐயா."

ஐயர் மணியை அடிக்கத் தொடங்கினார்.

மாஸ்ரர் என்று அவர் அழைப்பது என்னைத்தான். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் புத்தி சொல்லி ஓய்வுபெற்றவன். அந்த நான் அந்த ஜக்கெற்றுக்கு ஒரு அநியாயம் செய்தேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் மகள் யாழினி கணித ஆசிரியை. வயது முப்பத்து நான்கு. சாதகத்தில் எட்டில் செவ்வாய். அந்தச் சாதகத்தோடு மெழுகண்ணை திறக்காத படலை வலிகாமத்தில் இல்லை. போகும் வீட்டில் தேநீர் வரும். சாதகத்தை விரிப்பார்கள். பலகாரம் வராது. அவர் திரும்பி வந்து எங்கள் வாசலில் நின்று இருமினால் போதும், எங்களுக்கு விளங்கிவிடும். யாழினி "விடுங்கோ அப்பா" என்று சொல்லிவிட்டு மாட்டுக் கொட்டிலுக்குப் போய்விடுவாள். அங்கே நின்று அவள் எங்கள் பசு வெள்ளைச்சியோடு என்ன கதைத்தாள் என்று எனக்குத் தெரியாது.

போன கார்த்திகையில் அரியாலையில் ஒரு செத்தவீடு. வானம் உடைந்ததுபோல மழை. என்னிடம் இருப்பது ஒரு ஸ்கூட்டர். மெழுகண்ணை தானாகவே ஜக்கெற்றைக் கழற்றி நீட்டினார்.

"போட்டுக்கொண்டு போங்கோ. ஒரு துளி உள்ளுக்கை வராது."

வரவில்லை. அந்த மழையில் செத்தவீட்டுக்கு உலர்ந்தபடி வந்து சேர்ந்தவன் நான் ஒருவன்தான்.

வீடு திரும்பியபோது மனைவி கிணற்றடியில் வாளியோடு காத்திருந்தாள். செத்தவீட்டுக்கு உடுத்த எதையும் தோய்க்காமல் வீட்டுக்குள் எடுக்கக்கூடாது.

"இஞ்சாருங்கோ, அதைக் கழட்டி உதுக்குள்ளை போடுங்கோ."

"இது தோய்க்கிற சாமான் இல்லையப்பா."

"உதைப் போட்டுக்கொண்டுதானே அவர் கலியாணம் பேசப் போறவர்? துடக்கோடை குடுக்கிறதே? எங்கடை பிள்ளையின்ரை சாதகமும் உதுக்குள்ளைதான் போகுது."

கடைசி வசனத்தில் நான் விழுந்துவிட்டேன். சுடுதண்ணீர், சவர்க்காரத் தூள், தேங்காய்த் தும்பு. தேய்த்ததும் கல்லில் அடித்ததும் நானேதான். இங்கிலாந்தின் மழையும் யாழ்ப்பாணத்துப் புழுதியும் கலந்து கறுப்பாக ஓடின. பின்னால் ஏதோ வெள்ளையாகத் திரண்டு வாழையடிக்குப் போனது. அது மெழுகு. அப்போதே எனக்கு விளங்கியது. ஆனாலும் கை ஓயவில்லை. பாதி தோய்த்ததை என்ன செய்வது?

காய்ந்த பிறகு அது பள்ளிக்கூடச் சீருடைபோலத் துவண்டு கிடந்தது. மடித்துக்கொண்டுபோய் நன்றி சொல்லிக் கொடுத்தேன். வேறொன்றும் சொல்லவில்லை. மெழுகண்ணை அதைப் போட்டார். கையைத் தூக்கி மூக்கைத் துடைத்தார், அல்லது துடைத்ததாக நான் நினைத்தேன்.

"வடிவாய்க் கிடக்கு" என்றார்.

அடுத்த கிழமை கீரிமலையில் ஒரு மாப்பிள்ளை இருப்பதாக வந்து சொன்னார். மாட்டு வைத்தியர். நல்ல பெடியன். தாய் மட்டும் சாதகத்தில் கடும் பிடி. எங்கள் வாசலில் நின்றபடியே யாழினியின் சாதகத்தைச் சரிவுப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டார். வானம் இருண்டுகொண்டு வந்தது. நான் வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன். தோய்த்தது அறியாமை என்று சொல்லித் தப்பலாம். வாயை மூடியதற்கு எனக்கு ஒரு சாட்டும் இல்லை.

புன்னாலைக்கட்டுவன் தாண்டுமுன்னே மழை பிடித்துவிட்டது. கீரிமலை வீட்டில் அவர் பைக்குள் கைவிட்டு எடுத்தபோது, கணினியில் அச்சடித்த அந்தச் சாதகத்தில் ஒன்பது கிரகங்களும் ஒரே குளத்தில் தீர்த்தமாடிக்கொண்டிருந்தன.

"உதென்ன தரகர், சாதகமோ, பாத்திரம் துடைச்ச துணியோ?" என்று தாய் கேட்டிருக்கிறார்.

"மழை அம்மா. பிள்ளைக்குப் போன் எடுத்தால் படம் பிடிச்சு அனுப்பும்."

தாய்க்குப் போன் பிடிபடாது. மகனின் கையில் கொடுத்துவிட்டார்.

இங்கே யாழினி மாட்டுக் கொட்டிலில் நின்றாள். குசினி யன்னலில் என் காது நின்றது.

"ஓம், சாதகம்தானே? உள்ளுக்கை கிடக்கு. எடுத்து அனுப்பிறன்." அந்த நேரம் பார்த்து வெள்ளைச்சி கத்தியது. "அதோ? அது எங்கடை வெள்ளைச்சி... ஓம், நேற்றிலையிருந்து ஒண்டும் தின்னேல்லை... இடப்பக்கமோ? பொறுங்கோ, தட்டிப் பாக்கிறன்... ஓம், மேளம் மாதிரித்தான் கேக்குது."

பிறகு அங்கிருந்து வைத்தியர் ஏதோ சொல்ல, இவள் ஒரு கையில் கயிறும் மறு கையில் போனுமாக மாட்டை வளவு முழுக்க நடத்தினாள். மழை தூறிக்கொண்டிருந்தது. மாடு ஒரு ஏப்பம் விட்டது. அது கீரிமலைக்கும் கேட்டிருக்க வேண்டும். என் மகள் சிரித்தாள். அப்படி அவள் சிரித்து எத்தனை காலம் என்று நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சாதகம் அலுமாரிக்குள்ளேயே கிடந்தது.

அங்கே மழை விடும்வரைக்கும் மெழுகண்ணைக்குத் தேநீர் வந்தது. பிறகு பலகாரமும் வந்ததாம்.

மறுநாள் யாழினி சாதகத்தை ஒழுங்காகப் படம் பிடித்து அனுப்பினாள். தாய் எட்டில் செவ்வாயைப் பார்த்தார். பெருமூச்சும் விட்டார். "இனி உதை ஆர் பாக்கிறது? உவன் விடிஞ்சதிலையிருந்து அந்த மாட்டைப் பற்றித்தான் கதைக்கிறான்" என்று சொல்லி மடித்து வைத்துவிட்டார்.

தை மாதம் கலியாணம். மண்டபத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே, ஜக்கெற்றோடு மெழுகண்ணை பாயாசம் குடித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் இருந்தேன்.

"அண்ணை, ஒரு பிழை விட்டிட்டன். உங்கடை ஜக்கெற்றைச் சவர்க்காரம் போட்டுத் தோய்ச்சுப்போட்டன்."

அவர் பாயாசத்திலிருந்து நிமிரவில்லை.

"தெரியும். கை நுழைக்கேக்கையே மணத்தது."

"பிறகேன் சாதகத்தை அதுக்குள்ளை வைச்சனீங்கள்?"

"உங்கடை பிள்ளையின்ரையை மட்டும்தான் வைச்சனான். மற்றதுகள் பொலித்தீன் பையிலை சுத்தி மோட்டார் சைக்கிள் சீற்றுக்குக் கீழை கிடந்தது."

அவர் ஒரு மிடறு குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

"எத்தினை வீட்டுக்கு அந்தச் செவ்வாயைக் காவினனான் மாஸ்ரர். ஆக்கள் கதைக்கத் துவங்க முந்தி அது கதைச்சுப்போடும். ஒருக்கா அதை வாய் மூடப்பண்ணுவம் எண்டுதான்." கோப்பையை நீட்டினார். "இன்னும் கொஞ்சம் பாயாசம் விடச் சொல்லுங்கோ. முந்திரிவத்தல் அடியிலைதான் கிடக்கும்."

இப்போது நான் மெழுகுதிரிகளை வாங்கி உருக்கி அந்த ஜக்கெற்றுக்குத் தேய்த்துக்கொடுக்கிறேன். மனைவி தன்னுடைய இஸ்திரிப்பெட்டியையே தந்திருக்கிறாள். மாப்பிள்ளை வந்தால் அவரும் ஒரு கை பிடிப்பார். ஆனாலும் பழைய காவல் திரும்பவில்லை. இடது தோளால் இன்னும் ஒழுகுகிறது. மழை இருட்டிக்கொண்டு வரும் நாட்களில், மெழுகண்ணை வீடு சேர்ந்துவிட்டாரா என்று போன் எடுத்துக் கேட்டுவிட்டுத்தான் நான் சாப்பிட உட்காருகிறேன்.