ஜீப்பக்கா கேட்ட பதினொன்றாம் வகுப்பு

கொல்லிமலையில் ஜீப்பக்காவிடம் மாட்டாமல் எந்த அரசு ஜீப்பும் மேலே போனதில்லை. திண்ணனூர் நாடு என்ற மலை ஊராட்சியில் மிளகு விவசாயம் செய்தவர். ஜீப் சத்தம் கேட்டால் போதும், நடுரோட்டில் வந்து நின்றுவிடுவார். கோரிக்கை ஒன்றுதான்: "எங்கூரு பள்ளிக்கூடத்துல பதினொன்னாவது வேணுமுங்க."

சமவெளியிலிருந்து மாற்றலாகி அந்தப் பள்ளிக்கு வந்த டீச்சர் நான். எங்களிடம் பத்தாவது வரைதான். மேலே படிக்க மலை இறங்கி விடுதியில் தங்க வேண்டும். பையன்கள் சிலர் போனார்கள். பெண்களுக்குப் பெரும்பாலும் கல்யாணம்தான்.

ஒருமுறை கால்நடை மருத்துவர் மாட்டிக்கொண்டார்.

"நான் மாட்டு டாக்டரும்மா!"

"இருக்கட்டுமுங்க சாமி. மாட்டுக்கு டாக்டரு வந்தாச்சு, புள்ளைங்களுக்குப் பதினொன்னாவது வரலீங்களே. மேல சொல்லுங்க."

பாவம், சொல்வதாகத் தலையாட்டிய பிறகுதான் வழி கிடைத்தது.

கல்வி அதிகாரி உண்மையாகவே வந்த அன்று, அவருடைய ஜீப் அடிவாரத்தில் பழுதாகி பஸ்ஸில் வந்து இறங்கினார். பஸ்ஸில் வருபவர்களை ஜீப்பக்கா கண்டுகொள்வதே இல்லை. களைத்து நின்ற மனிதருக்கு வேகவைத்த குச்சிக்கிழங்கு கொடுத்து, "கல்வி ஆபீசருன்னு ஒருத்தரு இருக்காருங்க. இந்தப் பக்கம் எட்டியே பாக்க மாட்டாரு" என்று திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது அந்த மனிதர் கடைசித் துண்டை விழுங்கிவிட்டுச் சொன்னார்:

"நான்தாம்மா அவன்."

ஜீப்பக்கா இன்னொரு கிழங்கை அவர் கையில் வைத்து, "அப்பப் பதினொன்னாவது குடுங்க சாமி" என்றார்.

"வகுப்பு தரலாம். கட்டடத்துக்கு இடம் எங்கே?" என்றார் அதிகாரி. சுற்றிலும் சரிவு. பள்ளியை ஒட்டிய ஜீப்பக்காவின் மிளகுத் தோட்டம் மட்டுமே சமதளம்.

"இத எடுத்துக்குங்க."

"காய்க்கிற கொடிம்மா இது!"

"கொடிய வேற எடத்துல நட்டுக்குவேனுங்க. புள்ளைங்களுக்கு வயசு நிக்குமுங்களா?"

கொடி படர்ந்திருந்த மரங்களை வெட்டிய நாளில் ஜீப்பக்கா வரவில்லை. மறுநாள் வந்து, மண்ணில் சிதறிக் கிடந்த பச்சை மிளகைப் பொறுக்கிக்கொண்டு போனார்.

இன்று அந்தப் பள்ளியில் படித்துவிட்டு மலை மாணவிகள் கல்லூரிக்குப் போகிறார்கள். எனக்கு நினைவில் நிற்பது புது வகுப்பின் முதல் நாள். ஜீப்பக்கா வாசலிலேயே நின்றார்.

"உள்ள வாங்கக்கா."

வந்தவர், முதல் பெஞ்சில் பெண்களோடு உட்கார்ந்துவிட்டார்.

"எம் மவளும் பத்தாவதோட நின்னவதாங்க டீச்சர். கட்டிக் குடுத்தது நாந்தானுங்க. அவ படிக்கறேன்னுதான் அழுதா. எனக்குத்தான் அன்னைக்குப் புரியல."

மணி அடித்தது. பக்கத்துப் பெண் தள்ளி உட்கார்ந்து அவருக்கு இன்னும் கொஞ்சம் இடம் விட்டாள். அவரை எழுந்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முகத்தைக் கரும்பலகைப் பக்கம் திருப்பிக்கொண்டு பாடத்தை ஆரம்பித்தேன்.