கப்பல் கிளம்பும்வரை

"இதுலயும் பனி பிடிச்சிருச்சு," என்று மாவிஸ் லிண்ட்கிரென் கேமராவைக் கண்ணாடி மேஜையின்மேல் வைத்தார்.

வெண்டல் பலூயோட் அதை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். வெந்நீரில் குளித்த பிறகு குளியலறைக் கண்ணாடி எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது லென்ஸின் உட்புறம். அந்த அம்மாளிடமிருந்து இப்படித் திரும்பி வந்த மூன்றாவது கேமரா இது.

"நனைஞ்சதும் என்ன பண்ணீங்க மேடம்?"

"பாவமா இருந்தது. ரூம்ல ஹீட்டர் மேல வெச்சேன்."

"ஹீட்டர் மேல வெக்கக் கூடாதே."

"அப்படியா? நீங்க சொல்லலியே."

சொன்னதாகத்தான் வெண்டலுக்கு நினைவு. ஆனால் எதிரில் இருப்பவர் அவ்வளவு உறுதியாகச் சொல்லும்போது தன் நினைவின்மேல் அவருக்கு நம்பிக்கை போய்விடும். மூன்று விதமாக யோசித்துப் பார்த்துவிட்டு, "சொல்லாம விட்டிருப்பேன். மன்னிச்சிருங்க," என்றார்.

அலாஸ்காவில், கெட்சிகன் ஊரின் துறைமுகத் தெருவில் மார்ஜ் ஹால்வர்சனின் பரிசுப்பொருள் கடை இருந்தது. முன்பக்கம் முழுக்க சால்மன் மீன் அச்சடித்த சட்டைகள். பின்மூலையில் வெண்டலின் கேமரா மேஜை. அதற்கு மேலே அவர் கைப்பட எழுதிய பலகை: 'உங்கள் கப்பல் கிளம்பும்வரை மாற்றிக்கொள்ளலாம்.'

அதை எழுதியபோது புத்திசாலித்தனமான காரியமாகத்தான் தோன்றியது. காலையில் வரும் கப்பல் மாலையில் போய்விடும். வாங்கியவருக்குக் குறை தெரியவரும்போது அவர் நடுக்கடலில் இருப்பார். ஆனால் இந்த வாரம் வந்த சிறிய உல்லாசக் கப்பலுக்கு இயந்திரத்தில் கோளாறு. ஜூனோவிலிருந்து பனிப்பாறைகளையும் கரடிகளையும் காட்டக் கிளம்பிய கப்பல், வழியில் திணறிப்போய் இங்கே பழுதுபார்க்கும் துறையில் ஒதுங்கியிருந்தது. அதில் வந்தவர்கள் எல்லாரும் ஓட்டலில். எப்போது கிளம்பும் என்று யாருக்கும் தெரியாது.

மாவிஸ் அந்தக் கப்பலில் வந்தவர்தான் என்பதை வெண்டல் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. கையில் குடை இருந்தது. இந்த ஊரில் குடை பிடிப்பவர் பயணி. அதற்குமேல் விசாரிக்க ஒன்றுமில்லை. ஊர்க்காரர்கள் நனைவார்கள்.

"வெளிய இருந்து உள்ள வர்றதுக்கு முன்னாடி இந்த ஜிப் பையில போட்டு மூடிருங்க," என்று அவர் பொறுமையாக விளக்கினார். "ரூம் சூட்டுக்குக் கேமரா பழகின பிறகு திறங்க. பனி பிடிக்காது."

"இவ்வளவுதானா?" என்று மாவிஸ் சந்தோஷமாகப் போனார்.

மறுநாள் பையோடு வந்தார். கேமரா பைக்குள்ளேயே இருந்தது.

"பனி பிடிக்கல. ஆனா படம் எல்லாம் பாலுக்குள்ள எடுத்த மாதிரி இருக்கு."

"பையோடயேவா எடுத்தீங்க?"

"எடுக்கும்போது வெளிய எடுக்கணும்னு நீங்க சொல்லலியே."

இதைச் சொல்லவில்லை என்பது வெண்டலுக்கே நிச்சயமாகத் தெரிந்தது. அவர் மழை உறை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கேமராவுக்குச் சட்டை போட்டதுபோல் இருக்கும். இரண்டு கைகளையும் உள்ளே விட்டுக்கொண்டு படம் எடுக்கலாம்.

மாவிஸ் போனதும் சட்டைகளுக்கு நடுவிலிருந்து மார்ஜ் வெளியே வந்தார். எழுபது வயது, வாயில் எப்போதும் சூயிங்கம்.

"கிளம்பற வரைக்கும்னு எழுதின புத்திசாலி யாரு?"

"நான்தான்."

"கிளம்பலைன்னா என்ன பண்றதுன்னு எழுதினியா?"

"இல்ல மார்ஜ்."

"அந்தம்மா மூணு கேமராவைக் குளிப்பாட்டிட்டாங்க. இதோ பாரு வெண்டல், சீசன் முடியப்போவுது. அந்தம்மாகிட்ட ஏதாவது ஒண்ணை வித்து, அது திரும்பி வராம இருக்கணும். வந்துச்சுன்னா உன் மேஜையத் தூக்கிட்டு அங்க சாக்லேட் மிட்டாய் கிண்டற மெஷினை வெச்சிருவேன். நீயே கிண்டலாம். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு. யாரோடவும் பேச வேண்டியதில்ல, எல்லாரும் வேடிக்கை பார்த்துட்டுப் போவாங்க."

நல்லது செய்வதாக நினைத்துத்தான் மார்ஜ் அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொன்னார். வெண்டலுக்கு அது தண்டனையாகப் பட்டது. சட்டை வாங்குகிறவர்கள் அளவைப் பார்த்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். கேமரா வாங்குகிறவர்கள்தான் நின்று பேசுவார்கள். அந்த மேஜை போய்விட்டால் அவரோடு பேசுவதற்கு இந்த ஊரில் யாரும் கிடையாது. கடைக்கு மேலேயே ஓர் அறையில் குடியிருந்தார். கூட இருந்த தம்பி சியாட்டிலுக்குப் போய்ப் பல வருடம் ஆகியும், கை இன்னும் இரண்டு பேருக்குத்தான் அரிசி அளந்தது. மீதியை மறுநாள் சாப்பிடுவார். அந்த மறுநாளும் இரண்டு பேருக்கு அளந்துவிடுவார்.

மழை உறையும் திரும்பி வந்தது. உள்ளே கையை விட்டால் எந்தப் பொத்தான் எது என்று தெரியவில்லையாம்.

"ஏதோ ஒண்ணை அழுத்தினேன். படமே விழல. என்னன்னு பாருங்களேன்."

வெண்டல் பார்த்தார். படம் விழாமல் இல்லை; நீளமாக ஒரு வீடியோ விழுந்திருந்தது. ஒரே இருட்டு. உறையின் உட்புறம். மழைச் சத்தம். நடுவில் மாவிஸின் குரல், தூண்மேல் உட்கார்ந்திருந்த கழுகிடமோ எதனிடமோ: "என்னப்பா, நீயும் தனியாவா?"

இரண்டு பேரும் அந்த இருட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கழுகு பதில் சொல்லவில்லை.

"அழிச்சிரட்டுமா மேடம்?"

"அழிச்சிருங்க," என்று மாவிஸ் குடையின் நுனியைப் பார்த்தார்.

வெளியே மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. இந்த மழையில் இவரை எப்படி அனுப்புவது என்று வெண்டலுக்குத் தயக்கம். மதியச் சாப்பாட்டுக்குக் கொண்டுவந்திருந்த சால்மன் தலைப் புளிக்குழம்பை எடுத்து, மூடியில் பாதி ஊற்றி, சோற்றோடு நீட்டினார்.

"உங்களுக்கு?"

"எப்பவும் ரெண்டு பேருக்குத்தான் ஆக்குவேன்."

"வீட்டுல யாரு?"

"யாரும் இல்ல."

மாவிஸ் அதற்குமேல் கேட்கவில்லை. மீன் தலையின் கன்னச்சதையை முதலில் எடுத்துச் சாப்பிட்டார். பயணிகள் பொதுவாகத் தலையைப் பார்த்தாலே தட்டைத் தள்ளிவிடுவார்கள். நல்ல அம்மாள்தான், கேமரா விஷயத்தில்தான் இப்படி, என்று வெண்டல் இரக்கப்பட்டார்.

அந்த இரக்கத்தில் அவர் செய்த காரியம்தான் ஊரையே கலக்கிவிட்டது. கடையிலேயே பெரிய லென்ஸையும், அதைத் தாங்க ஒரு மூன்றுகால் ஸ்டாண்டையும் கொடுத்து அனுப்பினார். மாவிஸ் மிதவைத் துறையில் ஸ்டாண்டை நிறுத்திக் குடையை விரித்தார். குடையைத் தன் தலைக்குப் பிடிக்காமல் கேமராவுக்குப் பிடித்தார். தான் தொப்பலாக நனைந்துகொண்டு, ஒற்றைக் கண்ணை மூடி, எதிர்த் தீவையே வெகுநேரம் பார்த்தார்.

மழையில், மூன்று காலில் ஒரு கருவி, தீவைப் பார்த்து. அந்தத் தீவுக்குப் பாலம் போடும் திட்டம் ஒன்று முன்பே வந்து கைவிடப்பட்டிருந்த ஊருக்கு அது போதுமானதாக இருந்தது. சாயங்காலத்துக்குள் கடைவாசலில் பத்துப் பதினைந்து பேர்.

"மறுபடியும் பாலம் கட்டப் போறாங்களாமே மார்ஜ்?"

"சர்வே எடுக்கற பொம்பளைக்கு இங்கதான் சாமான் சப்ளையாமே?"

"பாலம் வந்தா உன் கடை மேலதான் இறங்கும், தெரியுமில்ல?"

மார்ஜ் சூயிங்கத்தை மெல்லுவதையே நிறுத்திவிட்டார். கூட்டம் கலைய ஒரு மணி நேரம் ஆயிற்று. அதில் பாதிப் பேர் கலையும்போதும் நம்பவில்லை. போகிற போக்கில் ஒரு மீனவர் வெண்டலின் தோளைத் தட்டி, "எவ்வளவு குடுத்தாங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் மாவிஸ் கேமரா, லென்ஸ், ஸ்டாண்ட், உறை, பை எல்லாவற்றையும் கொண்டுவந்து மேஜைமேல் வரிசையாக வைத்தார். மிதவை ஆடிக்கொண்டே இருந்ததால் எல்லாப் படத்திலும் தீவு இரண்டு இரண்டாக இருந்தது.

"கப்பல் ரெடியாயிடுச்சாம் வெண்டல். மத்தியானம் கிளம்புது."

வெண்டல் இன்னும் மேடம் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்; மாவிஸ் எப்போதிலிருந்து தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார் என்பது அவருக்கு நினைவில்லை.

"அப்போ கேமரா?"

"பரவாயில்ல. மழையில எதுவும் எனக்குச் சரிவரல. கண்ணால பாத்துக்கறேன்." கையுறையைக் கழற்றிக் கை கொடுத்தார். கொடுத்த கையை உடனே எடுத்துக்கொள்ளவில்லை. "குழம்பு நல்லா இருந்தது," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மார்ஜ் வந்து மேஜையைப் பார்த்தார். அளவு நாடாவை எடுத்து மேஜையின் நீளத்தை அளந்தார். பிறகு அகலத்தை அளந்தார்.

வெண்டல் மாடிக்குப் போனார். கட்டிலுக்கு அடியில் அவருடைய சொந்தக் கேமரா கிடந்தது. மஞ்சள் ரப்பர் உறை போட்ட சின்னக் கேமரா. கடலுக்குள் முக்கி எடுத்தாலும் ஒன்றும் ஆகாது. பை வேண்டாம், உறை வேண்டாம், ஸ்டாண்ட் வேண்டாம். சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எந்த மழையிலும் எந்தக் கரடியையும் எடுக்கலாம். இதே மாதிரி புதுக் கேமரா ஒன்று மேஜையின் கீழ்த்தட்டில் விற்பனைக்கே இருந்தது.

முதல் நாளே அதை எடுத்துக் கொடுத்திருக்கலாம். ஒரே நிமிடத்தில் வியாபாரம் முடிந்திருக்கும். மேஜையும் தப்பியிருக்கும். ஏன் கொடுக்கவில்லை என்று வெண்டல் தன்னைத்தானே கேட்டுக்கொண்டார். மறந்துவிட்டேன் என்று முதலில் பதில் சொல்லிப் பார்த்தார். எத்தனை முறை சொல்லியும் அது பொருந்தவில்லை. ஒரே நிமிடத்தில் முடிந்துவிடும் என்பதால்தான் கொடுக்கவில்லை.

எதுவும் தெரியாத ஒரு பெண்மணியை, தனக்குப் பேச்சுத் துணை வேண்டும் என்பதற்காக, நாள் தவறாமல் மழையில் அலையவிட்டிருக்கிறார். அந்த அம்மாள் கடைசியில் வெறுங்கையோடு பனிப்பாறை பார்க்கப் போகிறார்.

கப்பலின் சங்கு ஊதியது.

மஞ்சள் கேமராவைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வெண்டல் ஓடினார். ஐம்பத்தாறு வயதில், ரப்பர் பூட்ஸோடு, ஈரப் பலகைகள்மேல். ஏணிப்பலகையை இன்னும் எடுக்கவில்லை. கப்பலின் சமையல்காரர் கடைசி முட்டைக்கோஸ் மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"ஒரு நிமிஷம்! இதை ஒரு பயணிகிட்ட குடுக்கணும். மாவிஸ் லிண்ட்கிரென்னு பேரு. குடை வெச்சிருப்பாங்க. கேமராவப் பத்தி ஒண்ணுமே தெரியாது, பாவம். எந்தப் பொத்தானை அழுத்தணும்னு நான் சொல்லிக் குடுத்துட்டு வந்துர்றேன்."

சமையல்காரர் மூட்டையைக் கீழே இறக்கினார். வெண்டலை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். கண்ணாடியில் வழிந்த மழையைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"அட, பயணி இல்லண்ணே, எங்க கப்பல்ல வர்றவங்களுக்கு மழையில கேமரா பிடிக்கக் கத்துக்குடுக்கற டீச்சரே அவங்கதானே... தினம் நல்ல கேமராவ எல்லாம் ரூம்ல பூட்டி வெச்சிட்டு, 'ஒருத்தரோட பேசிட்டு வந்துர்றேன்'னு குடையத் தூக்கிட்டுக் கிளம்புவாங்களே, அந்த ஒருத்தர் நீங்கதானா?"