உன் நீசான்

மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் "அண்ணே" என்பது உறவுமுறையே இல்லை. மீசை முளைத்த எல்லோருக்கும் அதுதான் பெயர். ரொட்டி சானாய் போடுகிறவர் அண்ணே, லோரி ஓட்டுகிறவர் அண்ணே, நம் காரை இடித்துவிட்டு நம்மிடமே சண்டைக்கு வருகிறவரும் அண்ணே. அதனால் ஷாமினி முதல் நாளே என்னை "அண்ணே" என்று கூப்பிட்டதற்கு நான் வருத்தப்பட்டிருக்கக் கூடாது. பட்டேன்.

பிரிக்பீல்ட்ஸில் நான் வேலை பார்த்த டிராவல்ஸ் ஆபீஸில் அவள் புதிதாகச் சேர்ந்திருந்தாள். அவள் வீடு காப்பாரில், என் வீடு கிள்ளானில். காலையில் இருவருக்கும் ஒரே கொமுட்டர் ரயில். பக்கத்தில் வந்து உட்காருவாள், "சாப்டீங்களா அண்ணே" என்பாள், அப்புறம் கைப்பேசியில் ஏதோ பழைய ஜப்பான் கார்ட்டூனில் மூழ்கிவிடுவாள். அதில் மலை மாதிரி ஒரு ரோபோ. அது அடி வாங்கினால் இவள் உதட்டைக் கடித்துக்கொள்வாள், எழுந்து நின்றால் இவள் முகம் மலரும். அந்த முகம் ஒரு தடவையாவது என் பக்கம் திரும்பாதா என்று ஏங்கியே நாங்கள் இறங்கும் கேஎல் சென்ட்ரல் வந்துவிடும். இரும்பைப் பார்த்துப் பொறாமைப்பட்ட முதல் தமிழன் நானாகத்தான் இருப்பேன்.

சரி, அப்படி என்னதான் இருக்கிறது என்று நானும் தேடிப் பிடித்தேன். எனக்குக் கிடைத்த பிரதியில் பேச்சு ஜப்பான் மொழி, கீழே ஓடிய எழுத்து சீனம். இரண்டிலும் நான் புலி. (சரி, பூனைகூட இல்லை.) முதல் எபிசோடில் ரோபோ ஒரு பையனை விழுங்கிவிட்டது. ஐயோ பாவம், யாராவது அவனை வெளியே எடுங்களேன் என்று பதறினேன். அவன் உள்ளே உட்கார்ந்து அதை ஓட்டுகிறான் என்று புரியவே எனக்குக் கொஞ்ச நாள் ஆயிற்று. எந்த ஆயுதத்தை விட்டாலும் முதலில் அதன் பெயரைத் தொண்டை கிழியக் கத்துகிறான். எதிரியும் மரியாதையாக நின்று முழுப் பெயரையும் கேட்டுவிட்டு, அப்புறம்தான் வெடிக்கிறான்.

சிரித்துக்கொண்டே பார்த்தவனை அதில் வரும் ஒரு பெண் கவிழ்த்தாள். ரோபோ போருக்குக் கிளம்பும்போதெல்லாம் கீழே நின்று, கண் கலங்க, "நீசான்!" என்று கூப்பிடுவாள். உள்ளே இருக்கும் பையன் திரும்பி அவளை மட்டும் பார்ப்பான். காதலி என்று முடிவு கட்டினேன். பின்னே? "நீங்க"விலிருந்து "நீ"க்கு வர நம் பெண்களுக்கு எத்தனை காலம் ஆகிறது! "சான்" என்றால் ஜப்பானில் மரியாதை என்று எங்கோ கேட்டிருந்தேன். ஆக, "நீ"யும் இருக்கிறது, மரியாதையும் இருக்கிறது. கட்டிக்கொள்ளப் போகிறவனைக் கூப்பிட இதைவிடப் பொருத்தமான சொல் உண்டா? ஷாமினி வாயிலிருந்து "அண்ணே"யை எடுக்க வழி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

அவள் பிறந்தநாள் வந்தது. எங்கள் தாமான் குடியிருப்பில் கேக் செய்து விற்கும் அக்காவிடம் ரோபோ படம் போட்ட கேக் சொன்னேன். அடியில் "அன்புடன், உன் நீசான்" என்று எழுதச் சொன்னேன். "இது என்னவோ கார் பேர் மாதிரி இருக்கே தம்பி, சரிதானா?" என்றார் அக்கா. அவருக்குத் தோன்றிய சந்தேகம் எனக்குத் தோன்றவில்லை.

மதியம் ஆபீஸே கூடி நிற்க, பெட்டியைத் திறந்தாள். படித்தாள். அந்த முகம் கடைசியில் என் பக்கம் திரும்பியது. கண் நிறைந்திருந்தது. என் நெஞ்சில் மேளம் கொட்டியது.

"வீட்டுல நான் ஒரே பிள்ளை அண்ணே. என்னை யாரும் இப்படி நெனைச்சதே இல்ல" என்றாள்.

எப்படி நினைத்தேன் என்று நான் விழிப்பதற்குள், பக்கத்து மேஜை குணா குறுக்கே வந்தான். "நீசான்னா என்னா லா?"

"ஜப்பான்ல அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவாங்க. அந்தக் கதையில தங்கச்சி ஓடி ஓடி வந்து கூப்பிடுவா, பார்த்தா அழுகையே வரும்" என்றவள், என்னைப் பார்த்து, "அர்த்தம் தெரிஞ்சுதானே எழுதச் சொன்னீங்க?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்ல ஒரு கணம் இருந்தது. ஆனால் அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

"பின்ன? தெரியாமலா?" என்றேன்.

அதோடு சரி. செமினி ஊர் மாப்பிள்ளைக்கு அவள் கழுத்தை நீட்டியபோது, அண்ணன் முறையில் அவள் கையில் பொரி அள்ளிப் போட்டவன் நான். வீட்டில் இன்றைக்கும் நான் எதை வாங்கி வந்தாலும், "அர்த்தம் கேட்டுட்டு வாங்கினியாடா?" என்பார் அம்மா. குணா சொல்லித்தான் அம்மாவுக்கு இந்தக் கதை தெரியும். (அவன் நாசமாய்ப் போக.)

போன மாதம் ஷாமினியின் மகளுக்குக் காது குத்தினார்கள். குழந்தையைத் தாய்மாமன் மடியில்தானே வைக்க வேண்டும்? வைத்தார்கள். ஊசி பட்டதும் குழந்தை வீறிட்டது. எனக்கும் கண் நிறைந்துவிட்டது. "மாமன் பாசத்தைப் பாரு லா!" என்று கூட்டம் உருகியது. அம்மா மட்டும் குனிந்து, "குத்தினது அதுக்கு. நீ எதுக்குடா அழுவுறே?" என்றார்.

ஷாமினி பதறி ஓடி வந்தாள். "நீசான், கெட்டியா பிடிச்சுக்குங்க."

நான் ஆசைப்பட்ட "நீ" அதில் இருக்கத்தான் செய்கிறது. குழந்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.