பெட்டிக்கு மூக்கு வைத்தவன்

கெட்டுப்போன பொருளைச் சரிசெய்கிறவர்களை உங்களுக்குத் தெரியும். நல்ல பொருளை வேண்டுமென்றே கெடுக்கிறவர்களையும் தெரியும். இந்த இரண்டு சாதிக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று உண்டு. நன்றாக இருப்பதை இன்னும் நன்றாக ஆக்கப் போய், இருந்ததையும் இல்லாமல் ஆக்குகிற சாதி. இந்தச் சாதிக்காரருக்கு ஒரு பெயர் வேண்டுமல்லவா? 'இன்னுங்கொஞ்சக்காரர்' என்று வைத்துக்கொள்வோம்.

நின்றுபோன மின்விசிறியை இன்னுங்கொஞ்சக்காரர் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். ஓடுகிற மின்விசிறிதான் அவர் கண்ணை உறுத்தும். அதன் கீழே இடுப்பில் கைவைத்து, தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, பெண் பார்க்க வந்தவர் மாதிரி கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு சொல்வார், "நல்லாத்தான் இருக்கு. ஆனா..." அந்த 'ஆனா' காதில் விழுந்ததும் விவரமுள்ள குடும்பத்தார் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அரிசி டப்பாவுக்குள் போட்டுவிடுவார்கள். விவரமில்லாத குடும்பத்தார்? இரண்டு நாள் வியர்வையில் படுத்திருப்பார்கள்.

நம் கதைக்கு வாய்த்தவன் இந்த வர்க்கத்தில் இளைய தலைமுறை. அவன் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன்தான். படித்தது வணிகவியல். ஆனால் முதல் பட்டம் நுழைந்த வீட்டில் பாடப்பிரிவையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? மருந்துச் சீட்டும் அவனிடம் வரும், மிக்சியும் வரும், கோர்ட்டில் இருந்து வந்த உறவினரின் கடுதாசியும் வரும். "படிச்ச பையன், பார்த்துச் சொல்வான்." அவனும் பார்ப்பான். ஒன்றும் புரியாது. புரியாத முகத்தைப் புரிந்த முகமாக வைத்துக்கொள்வது எப்படி என்பதை மட்டும் அவன் யாரிடமும் கேட்காமலே கற்றுக்கொண்டான். இந்தப் படிப்பு தன்னை எதற்குத் தகுதியாக்கியிருக்கிறது என்ற கேள்வி பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் வரும். அதற்குப் பதில் கிடைக்காத நாட்களில் வீட்டுக்கு வந்து எதையாவது கழற்றுவான்.

வேலைக்குப் போன புதிதில் அவன் ஒரு ஹோம் தியேட்டர் வாங்கினான். ஐந்து சின்ன ஸ்பீக்கர்கள், கூடவே தரையில் வைக்க ஒரு கறுத்த பெட்டி. கனத்த சத்தங்களை மட்டும் முழக்குகிற சப்-வூஃபர். நாலு பக்கமும் அடைத்த, காற்றுக்கூட நுழைய வழியில்லாத பெட்டி. மற்றவர்களுக்கு அது வெறும் இடிச் சத்தம். அவனுடைய அப்பாவுக்கோ அது காது.

அப்பா ஆயுசெல்லாம் நூற்பாலையில் இயந்திரங்களுக்கு நடுவே நின்றவர். செவி பாதிக்குமேல் போய்விட்டது. வீட்டில் எல்லாரும் சேர்ந்து சினிமா பார்க்கும்போது அவர் சிரிப்பது மற்றவர்கள் சிரித்து முடித்த பிறகுதான். இந்தப் பெட்டி வந்தபின் நாற்காலியை அதன் பக்கத்தில் இழுத்துப் போட்டு, வலது உள்ளங்காலைப் பெட்டியின் மேல் பதித்துக்கொண்டு படம் பார்க்கத் தொடங்கினார். உள்ளங்காலால் கேட்டார். இடி வேறு, கார்க் கதவு சாத்துவது வேறு, குதிரை வருவது வேறு என்று அந்தக் கால் பிரித்துச் சொன்னது. அவருக்குப் பிடித்த பழைய படம் ஒன்றில் வில்லனின் குதிரை தூரத்திலிருந்து வரும். திரையில் தூசி எழும்புமுன்பே அப்பா, "வந்துட்டான்!" என்பார். கடைசியாகக் கேட்கிற மனிதர் அந்த ஒரு இடத்தில் முதலில் கேட்டார். அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

இதைவிட ஒரு பெட்டி என்ன செய்ய முடியும் என்கிறீர்களா? அப்படிக் கேட்டால் நீங்கள் இன்னுங்கொஞ்சக்காரர் இல்லை.

அவன் இணையத்தில் படித்தான். அடைத்த பெட்டியில் ஸ்பீக்கரின் பின்பக்கக் காற்று உள்ளேயே முட்டி வீணாகிறது, ஒரு துளை போட்டுக் குழாய் செருகினால் அந்தக் காற்றும் வெளியே வந்து சத்தத்தோடு சேர்ந்து உழைக்கும், தரையே அதிரும் என்று முகம் தெரியாத எவரோ எழுதியிருந்தார். 'அடைத்த பெட்டி சோம்பேறி' என்று இன்னொருவர் தீர்ப்பே கொடுத்திருந்தார். எதிரே உட்கார்ந்திருக்கும் அப்பாவின் காலைவிட, எங்கோ இருக்கும் அந்நியரின் விரல்நுனியில் அவனுக்கு நம்பிக்கை பிறந்தது. எழுத்தில் இருந்தது அல்லவா!

அம்மாவிடம் விளக்கினான். "பின்னாடி இருக்கற காத்து சும்மா கிடக்குதும்மா. அதுக்கும் வேலை குடுக்கப் போறேன்."

"இந்த வீட்டுல சும்மா கிடக்கறது அது ஒண்ணுதான். அதையும் விட மாட்டியா?"

"அப்பாவுக்கு இன்னும் கொஞ்சம் நல்லாக் கேக்கும்."

அம்மா அடுப்படிக்குத் திரும்பிவிட்டாள். அப்பா என்ற சொல்லை அவன் பயன்படுத்திவிட்டான். இன்னுங்கொஞ்சக்காரர்கள் எதையும் தங்களுக்காகச் செய்வதேயில்லை, கவனித்திருக்கிறீர்களா?

முறைப்படி பார்த்தால் பெட்டியின் உள்ளளவை எடுத்து, குழாயின் அகலத்தையும் நீளத்தையும் கணக்குப் போட்டு, அதன்பின் துளையிட வேண்டும். அவன் முதலில் துளை போட்டான். காரணம், தெருமுனை பிளம்பரிடம் இரவல் வாங்கிய, வட்டத் துளை போடும் ரம்பத்தைச் சாயங்காலத்துக்குள் திருப்பித்தர வேண்டியிருந்தது. "தம்பி, எனக்கு வேலைக்கு வேணும், மறந்துடாதீங்க." ரம்பம் எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலத் துளை. வெட்டுண்ட மர வட்டம் டக்கென்று கழன்று வெளியே விழுந்தபோது அவனுக்கு அறுவைச் சிகிச்சை முடித்த டாக்டரின் பெருமிதம். ரம்பம் நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு கணக்குக்கு உட்கார்ந்தான்.

கணக்கு ஈவிரக்கமில்லாதது. துளை அகலமாக அகலமாகக் குழாய் நீளவேண்டுமாம். பெட்டி சிறியதாக இருந்தால் இன்னும் நீளவேண்டுமாம். வந்த விடையின்படி குழாயின் ஒரு முனை பெட்டிக்குள் இருந்தால் மறுமுனை சமையலறைக்குப் போக வேண்டும். வெளியளவை உள்ளளவாக எடுத்துக்கொண்டதும், பலகையின் தடிமனையும் உள்ளே உட்கார்ந்திருக்கும் ஸ்பீக்கர் காந்தத்தையும் கழிக்க மறந்ததும் அப்போதுதான் உறைத்தது. கழித்து மறுபடி போட்டுப் பார்த்தான். இந்தமுறை குழாய் சமையலறையைத் தாண்டியது.

துளையோ ஆயிற்று. மரம் மறுபடி முளைக்குமா? குழாயைப் பெட்டிக்குள் அடங்குகிற அளவுக்கு வெட்டிச் செருகிப் பசை தடவினான். ஆயுளில் முதல்முறையாக ஒன்றை இன்னும் கொஞ்சம் குறைத்தான். அதுவும் குறைக்கக்கூடாத இடத்தில்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளோட்டம். அக்காவும் வந்திருந்தாள். அவன் பெட்டியின் முன் நின்று காற்றின் இயல்பைப் பற்றி ஒரு சிற்றுரை ஆற்றினான். அப்பாவுக்கு அதில் ஒரு வார்த்தைகூடக் கேட்டிருக்காது. ஆனாலும் மகன் பேசி முடிக்கும்வரை தலையாட்டிக்கொண்டிருந்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து காலைப் பதித்துக்கொண்டார். அப்பாவுக்குப் பிடித்த அந்தப் பழைய படம் தொடங்கியது. முதல் அடி விழுந்ததுதான் தாமதம், துளையிலிருந்து ஒரு பிடி மரத்தூள் புஸ்ஸென்று பறந்து அப்பாவின் கணுக்காலில் அப்பிக்கொண்டது.

"டேய், பெட்டி தும்முதுடா!" என்றாள் அக்கா.

"மூக்கு வச்சா தும்மத்தானே செய்யும்" என்றாள் அம்மா.

சத்தம் மட்டும் பிரமாதமாக வந்தது. ஜன்னல் கண்ணாடி நடுங்கியது, அலமாரியில் தம்ளர்கள் தாமாக நகர்ந்தன. கதாநாயகனின் தாய் மெல்ல நடந்தாள், தும். கடிதம் மேசைமேல் விழுந்தது, தும். எது நடந்தாலும் ஒரே தும். தெரிந்த ஒரே பதிலை எல்லாக் கேள்விக்கும் எழுதுகிற மாணவனைப் போல அந்தப் பெட்டி முழங்கிக்கொண்டிருந்தது.

கதவு ஒன்று சாத்தப்பட்டது. "வந்துட்டான்!" என்றார் அப்பா.

யாரும் வரவில்லை. பிறகு குதிரை வந்தது, முழுசாகத் திரையை அடைத்துக்கொண்டு. அப்பா அதைக் கண்ணால்தான் பார்த்தார். பார்த்துவிட்டுக் குனிந்து தன் காலைப் பார்த்தார். மரத்தூளைத் தட்டிவிட்டுக் காலை நாற்காலிக்குக் கீழே இழுத்துக்கொண்டார்.

"எப்படிப்பா இருக்கு?" அவன் காதோரம் குனிந்து உரக்கக் கேட்டான்.

"ரொம்ப நல்லா இருக்குப்பா. சத்தம் ஜாஸ்தியா இருக்கு."

அடுத்த ஞாயிறு அப்பாவின் நாற்காலி சுவரோரம், மற்ற நாற்காலிகளோடு வரிசையில் இருந்தது. எல்லாரும் சிரித்து முடித்த பிறகு அவர் சிரித்தார். அதற்கும் அடுத்த ஞாயிறு படம் பார்க்கவே வரவில்லை. வாசல் படியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அப்பா, உண்மையைச் சொல்லுங்க. கெடுத்துட்டேனா?"

அப்பா அவன் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

"சொல்லலாம்தான். சொன்னா, இதைச் சரிபண்றேன்னு இன்னொரு ஓட்டை போடுவே. அதான் பேசாம இருந்தேன்."

மகன் மனம் நோகக்கூடாதென்று அப்பா பொய் சொன்னதாகவே அவன் இத்தனை நாளும் நினைத்து உருகிக்கொண்டிருந்தான். பெட்டிக்கு இன்னும் என்ன ஆகுமோ என்று பயந்து சொன்னாராம்!

மறுநாளே அடைக்கும் வேலை தொடங்கியது. குழாயைப் பிடுங்கியாயிற்று. வெட்டிய மர வட்டத்தைத் தேடினால் அது அடுப்படியில் சூடான பால் பாத்திரத்துக்கு அடியில் இருந்தது. கைநீட்டினான். "அதைத் தொடாதே" என்றாள் அம்மா. "நீ செஞ்சதுல உருப்படியா ஆனது அது ஒண்ணுதான்." வேறு பலகை வாங்கிவந்து, துளைக்கு உள்ளே ஒரு தட்டும் வெளியே ஒரு தட்டுமாக வைத்து இறுக்கி, எறும்பு நுழைய இடமில்லாமல் பசை பூசினான். பார்க்கக் கட்டுப்போட்ட தலை மாதிரி இருந்தது.

அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டார். காலைப் பதித்தார். கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் காலாலேயே கேட்டார். பிறகு முகமெல்லாம் மலர, "பழையபடி ஆயிடுச்சுடா!" என்றார்.

வீடே சந்தோஷப்பட்டது. அவனுக்கு மட்டும் சுருக்கென்றது. இவ்வளவு பாடுபட்டதற்குப் பழையபடிதானா? படித்தவன் கை பட்டதற்கு அடையாளமாக இன்னும் கொஞ்சமாவது நன்றாக இருக்கக்கூடாதா? உள்ளே பஞ்சு அடைத்துப் பார்த்தால் என்ன? இப்படி யோசித்துக்கொண்டு அவன் தலையைச் சாய்த்தபோது, அப்பா பெட்டியின் மேலிருந்த காலை இன்னும் அழுத்தி வைத்துக்கொண்டார்.

பாவம், என்ன ஜென்மம் என்று சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள். குழாய் பெட்டிக்குள் அடங்கவில்லை என்று படித்தீர்களே, அப்போது உங்கள் மனம், 'அட, நடுவில் ஒரு வளைவு கொடுத்திருந்தால் அடங்கியிருக்குமே' என்று சொன்னதா இல்லையா?

சொல்லியிருந்தால், எழுந்துபோய் உங்கள் வீட்டாரிடம் ஸ்க்ரூ டிரைவர் எங்கே என்று கேட்டுப்பாருங்கள். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.