முதல் தரக் கல்லுக்கு முதல் கழுத்து

"இந்தக் கல்லுக்கு முத்திரை குத்தின மகராசன் யாரு?" என்று சலூன்காரர் கத்தியை விரித்தபடி கேட்டதும், சாணைக்கல் கடையின் தரம்பிரிப்பவர் கல்லடுக்குக்குப் பின்னால் மெல்லப் பதுங்கினார்.

மலையில் வெட்டிய சாணைக்கல்லை நனைத்து, விரல் மொளியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பது அந்தக் கடை வழக்கம். கணீரென்றால் முதல் தரம், சவரக்கத்திக்கு. சொத்தென்றால் மூன்றாம் தரம், கோடாலிக்கு. முதல் தரம் என்று குத்தியவர், அந்தக் கல்லில் தீட்டிய கத்திக்குத் தன் கழுத்தைத்தான் முதலில் நீட்ட வேண்டும்.

நேற்று அவருக்கு ஜலதோஷம். இரண்டு காதும் அடைப்பு. பக்கத்தில் இடி விழுந்திருந்தாலும் யாரோ செருமுகிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார். வெளியே சொன்னால் பேர் என்னாவது? நாற்பது கல்லுக்கும் குத்துமதிப்பாகக் குத்தித் தள்ளிவிட்டார். இன்று ஒரு காதுதான் திறந்திருந்தது.

"நான்தான். ஆனா காலையிலதான் ஷேவ் பண்ணினேன்," என்றார், தாடையைத் தடவிக் காட்டி.

"அதனாலென்ன, மொட்டை அடிச்சுடலாம்!" என்றார் முதலாளி தாராளமாக. "யார் தலை, நம்மாள் தலைதானே!"

கழுத்து தப்பித் தலை மாட்டியது. தரம்பிரிப்பவர் கடையிலேயே எடை போடும் தன் மச்சினனைச் சுவரோரம் இழுத்தார். "டேய், என் டிராயர்ல ஒரு கல் இருக்கு. என் ஆயுசுல தட்டினதிலேயே ராஜா. குத்தின அன்னிக்கே யாருக்கும் காட்டாம உள்ள வெச்சுட்டேன். ரகசியமா மாத்திடு!"

"மாத்தறேன் அத்தான். நீங்க கத்தாதீங்க, தெருமுனை வரைக்கும் கேக்குது."

"ராஜாவா? அதையும் கொண்டா!" என்றார் சலூன்காரர். "பாதித் தலைக்கு இது, பாதிக்கு அது."

வேறு வழி? தரம்பிரிப்பவர் பொத்தென்று மயங்கி விழுந்தார்.

"ரொம்ப நல்லது, ஆடாம இருப்பார்!" என்றார் சலூன்காரர். இருவர் தூக்கி நாற்காலியில் வைத்தார்கள். கல்லுக்குக் காகிதம் சுற்றும் பேக்கிங் அக்கா அவர் கழுத்தில் துண்டைக் கட்டினாள்.

முதலில் நேற்றைய கல். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, பெண்டாட்டிக்குச் சொல்லாமல் விட்டதையெல்லாம் மனசுக்குள் சொல்லி முடித்தார். கத்தி வெண்ணெயில் போவதுபோல் போனது. ஒரு சொட்டு ரத்தமில்லை! போன உயிர் பாதி திரும்பியது.

அடுத்தது ராஜா. முதல் இழுப்பிலேயே முடி வேரோடு வந்தது. மயக்கத்தில் இருந்தவர் போட்ட அலறலில் அடைத்திருந்த காதும் படாரென்று திறந்துகொண்டது.

"யோவ், இது கோடாலிக் கல்லுய்யா!" என்று சலூன்காரர் கத்தியை உதறினார்.

"காது கேக்காம குத்தினது வெண்ணெய். காது நல்லாயிருந்தப்ப குத்தினது கோடாலியா?" பாதி மொட்டையோடு முனகினார் தரம்பிரிப்பவர்.

பேக்கிங் அக்கா துண்டை அவிழ்க்கிற சாக்கில் குனிந்தாள். "மெதுவாப் பேசுங்கண்ணே. இருபது வருஷமா நீங்க குத்தற முத்திரையெல்லாம் நான்தான் அழிச்சுட்டு வேற குத்தறேன். இந்த ஒரு கல்லுதான் என் கைக்கு வராமப் போச்சு."