ஆதாரம் கேட்ட கலைமான்

ஒரு காட்டில், அதுவும் சிக்னல் நன்றாகக் கிடைக்கிற காட்டில், வரியப்பன் என்ற கிழப்புலி பட்டினி கிடந்தது. வயதாகிவிட்டது ஒரு காரணம். பெரிய காரணம், ‘காட்டுச்சேதி’ என்ற இணையதளம். கண்ணில் பட்டதை யார் வேண்டுமானாலும் அதில் போடலாம். படிக்கிறவர்கள் ஓட்டுப் போடுவார்கள். ஓட்டு விழ விழச் சேதி மேலே ஏறும்.

வரியப்பன் குகையை விட்டு ஒரு காலை வெளியே வைத்தால் போதும், “புலி புறப்பட்டாச்சு, மூங்கில் ஓடைப் பக்கம்” என்று ஒரு கவுதாரி போட்டுவிடும். மூச்சிரைக்க ஓடைக்குப் போய்ச் சேர்ந்தால் அங்கே குளம்படிகள் மட்டும் இருக்கும்.

பக்கத்து வளையில் குடியிருந்த முள்ளம்பன்றி செங்கோடனுக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

“என்னண்ணே, உங்க மேல வரி எது, விலா எலும்பு எதுன்னே தெரியலையே.”

“இன்னும் ரெண்டு நாள் தாங்குவேன்டா. அப்புறம் நீயே என் சாவுச் சேதியைப் போட்டு ஓட்டு வாங்கிக்கோ.”

“அதை இப்பவே போட்டா என்ன?”

செங்கோடன் ‘அருகம்புல்’ என்ற பெயரில் ஒரு கணக்குத் தொடங்கி, “புலி செத்துப்போச்சு, இனிப் பயமில்லை” என்று போட்டது. வரியப்பன் ஓடைக்கரையில் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தது. ஒரு மானும் வரவில்லை. எல்லாம் தளத்திலேயே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தன.

“சுத்த வதந்தி.”

“என்ன வியாதின்னு போடலையே?”

“போன மழைக்கும் இப்படித்தான் செத்துச்சு.”

வரியப்பனுக்கு வெறுத்துவிட்டது. “பொய் சொல்லி என்னடா கண்டோம்? சாகிற நேரத்துல உண்மையையாவது சொல்லிட்டுப் போறேன். போடு.”

செங்கோடன் போட்டது: “புலி மூங்கில் ஓடைக்கரையில் பசியோடு உட்கார்ந்திருக்கிறது. தயவுசெய்து யாரும் வர வேண்டாம்.”

கொம்பையா என்ற கலைமான் அதைப் படித்தது. மேய்கிற நேரம் போக மீதி நேரமெல்லாம் தளத்திலேயே கிடக்கிற மான் அது. எதையும் லேசில் நம்பாது. “படம் எங்கே? சொன்னதையெல்லாம் நம்ப நாமென்ன செம்மறி ஆடா?” என்று எழுதியது. ஓட்டு குவிந்தது. “அண்ணே, நீங்களே நேர்ல பார்த்துச் சொல்லிடுங்க” என்று இளமான்கள் கெஞ்சின. கொம்பையா மார்பை நிமிர்த்திக்கொண்டு, போனைக் கொம்பில் மாட்டி, ஓடைக்குப் போனது.

“அய்யா, நீங்க நெசப் புலிதானே?”

“ஆமாப்பா.”

“முகம் நிழல்ல விழுது. கொஞ்சம் கிட்ட வாங்க.”

வரியப்பன் மறுபேச்சில்லாமல் கிட்டப் போனது. கொம்பையா கழுத்தைத் தாழ்த்திப் படம் பிடித்தது. ஒவ்வொரு மீசை முடியும் தெளிவாக விழுந்திருந்தது. அதைத் தளத்தில் ஏற்றி, “சேதி உண்மைதான்” என்று எழுதியது. கொம்பையா எழுதிய கடைசிச் சேதி அதுதான்.

பொழுது சாய்வதற்குள் படம் உச்சிக்கு ஏறிவிட்டது. பாதி மான்கள் ஓட்டுப் போட்டன. மீதிப் பாதி, “பழைய படம் மாதிரி இருக்கே, நேர்ல போய்ப் பார்த்துடலாம்” என்று ஓடைப்பக்கம் கிளம்பின.

வரியப்பன் வாயைத் துடைத்துக்கொண்டது. “செங்கோடா, ஒவ்வொருத்தரா வரச் சொல்லி ஒரு வரி போட்டுடு.”

நீதி: சேதியைத் தீர விசாரிக்கும் வாசகர்கள் இருக்கும்வரை, புலி இரைக்காக அலைய வேண்டியதில்லை.